இருநூற்று எழுபத்தாறு இறங்கும் நாள்

எங்கள் வீட்டுக் கதவு எண் 277. எதிர்வீடு 276. இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிளும் ஒரு விரித்த குடையும் உரசாமல் போகிற அகலத்துக்குத் தெரு. இவ்வளவு பக்கத்தில் நடப்பது தெரியாமல் இருக்க வேண்டுமென்றால், கண்ணையும் காதையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஜன்னலில் உட்கார வேண்டும். "எதிர்வீட்டைப் பார்த்துக்க உனக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். சாப்பிட உட்கார்ந்ததும், "அங்க என்ன காலையில சத்தம்?" என்று கேட்பவரும் அவரேதான்.

இந்தத் தெருவில் எண் பைத்தியத்தைப் பரப்பியவர் தபால்காரர். ஊருக்கெல்லாம் கதவு எண் என்பது கடிதம் வந்து சேர ஓர் அடையாளம். அவருக்கு அது கைரேகை. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற எண்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை அவர் பங்காளிகள் என்பார். அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுப் பங்காளிகளை எல்லாம் கூட்ட வேண்டும். வருகிற விடைக்கும் பங்காளிகளைத் தேடிக் கூட்ட வேண்டும். அப்படியே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒன்று வந்து நிற்கும். அதற்கப்புறம் போக்கிடம் இல்லை. ஒன்றைத்தான் அவர் 'வீடு' என்பார்.

அச்சுக்கடையின் எண் 12. கடைவாசலில் நின்றபடியே கணக்குப் போட்டுச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு. கூட்டினா பதினாறு. ஏறுதேன்னு பயப்படாதீங்க. பதினாறுக்குப் பதினஞ்சு, பதினஞ்சுக்கு ஒன்பது, ஒன்பதுக்கு நாலு, நாலுக்கு மூணு, மூணுக்கு ஒண்ணு. அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துடுச்சு." அச்சுக்கடைக்காரருக்கு என்னவோ சொத்து வந்து சேர்ந்த மாதிரி முகமெல்லாம் பல்.

என் 277-ஐப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க எண்ணை ஒண்ணைத் தவிர யாராலயும் வகுக்க முடியாது, ஒரே எட்டு வச்சா வீடு" என்றார். "இவகிட்ட யாரும் வாயே குடுக்க முடியாதுன்னு கௌரவமாச் சொல்றார்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். சலூன்காரரின் எண் 28. அதன் பங்காளிகளைக் கூட்டினால் அதே இருபத்தெட்டு. "இது வீட்டுக்கும் வராது, வெளியேயும் போகாது. தன்னையே சுத்திக்கிட்டுக் கிடக்கும்" என்றார் தபால்காரர். "கண்ணாடி முன்னாடி நிக்கிற பொழப்புல்ல, வேற எப்படி இருக்கும்" என்றார் சலூன்காரர்.

அண்ணனும் தம்பியுமாக 220-இலும் 284-இலும் குடியிருக்கும் இருவர் அப்பாவின் ரேடியோ யாருக்கு என்ற தகராறில் முகம் பார்ப்பதில்லை. "உங்க எண் ரெண்டும் நண்பர்கள். இவரோட பங்காளிகளைக் கூட்டினா அவர் வர்றார், அவரோட பங்காளிகளைக் கூட்டினா இவர் வர்றார்" என்று தபால்காரர் இருவரிடமும் போய்ச் சொல்லிவைத்தார். மறுவாரமே தம்பி தன் கதவு எண்ணை மாற்றித் தரச் சொல்லி நகராட்சிக்கு மனுப் போட்டான்.

இப்படி எல்லார் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் 276-இல் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே வாயை விட்டார். அதுதான் வினை.

276-இல் இருப்பவள் பித்தான் அக்கா. சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வரும். பித்தான் தைத்துத் திருப்பி அனுப்புவாள். பேசும்போதுகூட உதட்டோரத்தில் நூல் தொங்கும். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். மகன் கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனான். முதலில் கடிதம் வந்தது. பிறகு படம் போட்ட அட்டை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. விசாரித்ததில் கப்பல் கம்பெனி சொன்ன பதில், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினான், திரும்ப ஏறவில்லை. செத்தான் என்று அழவும் வழியில்லை, இருக்கிறான் என்று சிரிக்கவும் வழியில்லை. தொண்டையில் முள் மாதிரி ஒரு பதில்.

தினமும் தபால் வருகிற நேரத்துக்குப் பித்தான் அக்கா வாசலில் நிற்பாள்.

"ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"இன்னிக்கு இல்லக்கா."

அந்த 'இன்னிக்கு' என்ற சொல்லைத் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் கசந்திருக்க வேண்டும். ஒருநாள் அவள் ஒன்றும் கேட்காமல் வெறுமனே பார்த்தாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. நான் ஜன்னலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அக்கா, கவலைப்படாதீங்க. உங்க கதவு எண்ணுக்கு நான் இன்னும் கணக்கே போடலை. இப்பப் போடறேன் பாருங்க. அது ஒண்ணுக்கு வர்ற அன்னிக்கு உங்க பையன் வந்து கதவைத் தட்டுவான்."

"நெஜமாவா?"

"பின்னே? ஒரு டீ குடுங்க, குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு வந்துடும்."

வந்துவிட்டால், அப்புறமும் பையன் வராவிட்டால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அந்த ஒருநாள் அவங்க சிரிச்சாப் போதும்னு நினைச்சேன் அக்கா, மறுநாளைப் பத்தி யோசிக்கலை" என்றார். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லாரும் மறுநாளைப் பற்றி யோசிக்காதவர்கள்தான்.

டீ வந்தது. ஏதோ விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அவர் கூட்ட ஆரம்பித்தார். 276-இன் பங்காளிகளைக் கூட்டினால் 396. அதற்கு 696. அதற்கு 1104. அதற்கு 1872. டீயில் ஆடை படிந்தது. பித்தான் அக்கா அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் ஏறிட்டு இறங்கும்க்கா. நாளைக்கு முடிச்சிடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். டீ அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாக எண் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் பித்தான் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன வந்துச்சு?" என்பாள். 3770 என்பார். மறுநாள் 3790. "இருபதுதான் ஏறியிருக்கு!" என்று அவள் என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். அதற்கு மறுநாள் 3050. அப்புறம் 2716.

இறங்குகிறது! தெருவே இறங்குகிறது என்றது. பித்தான் அக்கா மகனின் தலையணையை எடுத்து வெயிலில் போட்டாள். அவனுடைய பழைய சட்டைகளை எடுத்து, இருந்த பித்தான்களையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுப் பித்தான் தைத்தாள். எண்ணையே நம்பாத எங்கள் வீட்டுக்காரர்கூட வாசலில் நின்று, "இன்னிக்கு ஆயிரத்துக்குக் கீழ வந்துடும்" என்று யாரோ கேட்ட மாதிரி சொன்னார்.

மறுநாள் வந்தது 2772. அடுத்தது 5964. தபால்காரரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இருபத்தெட்டு உள்ள ஏறி உக்காந்துடுச்சுக்கா" என்றார். "இருபத்தெட்டோட பங்காளிங்களைக் கூட்டினாலே இருபத்தெட்டு வந்துடும். அது பத்து மடங்கோ நூறு மடங்கோ எந்த எண்ணுக்குள்ள இருந்தாலும், கூட்டினா அந்த எண்ணைவிடக் கூடத்தான் வரும். அது உள்ள இருக்கிற வரைக்கும் இறங்கவே இறங்காது."

"எப்ப ஏறிச்சு?"

"ரெண்டாயிரத்து எழுநூத்துப் பதினாறுல."

நாங்கள் கொண்டாடிய அதே எண்ணில். இறங்கி வருகிறான் என்று வாசலுக்கு ஓடினால், அவன் தோளில் இன்னொருத்தன் ஏறிக்கொண்டு வந்த மாதிரி.

பித்தான் அக்கா நேரே சலூனுக்குப் போனாள். பாதிச் சவரத்தில் ஓர் ஆள் நாற்காலியில் இருந்தார். "உங்க இருபத்தெட்டை என் எண்ணை விட்டு இறங்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். "அம்மா, நான் முடியைத்தான் பிடிப்பேன், எண்ணையெல்லாம் பிடிக்கிறதில்லை" என்று அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே மனிதர் தன் கதவு எண் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். இன்றுவரை திரும்ப மாட்டவில்லை.

இனி அந்த வீட்டு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கில் உண்மையில் மாட்டிக்கொண்டவள் அவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்கிற வேலை. அந்தக் கடையின் குளிர்சாதனத்தைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தான். ஒரு தடவையில் சரியாக வேண்டிய சாதனத்துக்கு அவன் எத்தனை தடவை வந்தான் என்று கடை முதலாளிக்குத்தான் தெரியும். நல்ல பையன். வீட்டுக்கு வந்து வெளிப்படையாகவே பெண் கேட்டான். அவனுக்கு வேறு ஊரில் பெரிய குளிர்க்கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"உங்களையும் கூட்டிட்டுத்தான் போறோம் அத்தை. அங்க ரெண்டு அறை வீடு பார்த்திருக்கேன்" என்றான்.

"நல்லா இருங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள் பித்தான் அக்கா. "நான் இந்தக் கதவை விட்டுட்டு எப்படி வர்றது? அவன் வந்து தட்டினா யாரு திறப்பா?"

போங்கள் என்று சொல்வது எளிது. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்க மகள்தான் வேண்டும். இரண்டு முறை அடுப்பில் பாத்திரம் தீய்ந்து, புகை எங்கள் ஜன்னல் வரைக்கும் வந்து, நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். இவளைத் தனியே விட்டுப் போனால் அடுத்த தடவை பாத்திரத்தோடு நிற்காது. மகள் போக வேண்டுமென்றால் அம்மா நகர வேண்டும். அம்மா நகர வேண்டுமென்றால் 276 முடிய வேண்டும். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு கதவு எண்ணில் போய்த் தொங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குள் எண் லட்சத்தைத் தாண்டியிருந்தது. தபால்காரருக்கு வீட்டில் சண்டை. "தபாலாபீஸ்ல குடுக்கிற வேலை பத்தலையா?" என்று அவர் மனைவி கேட்பது அடுத்த தெருவரைக்கும் கேட்கும் என்று கேள்வி. ஒருநாள் அவர் 465668 என்று சொன்னார். அடுத்த தடவை 465724. அதற்கடுத்த தடவை 465780.

"அம்பத்தாறு, அம்பத்தாறுதான் ஏறுது" என்றாள் பித்தான் அக்கா. குரலில் அப்படியொரு இளக்கம். "ரெண்டு தடவையும் அம்பத்தாறு. பாவம், களைச்சுப் போச்சு. உக்காரப் போகுது."

உட்காரவில்லை. அடுத்து வந்தது 1026060. பத்து லட்சத்தைத் தாண்டி நின்றது. தலைக்கு மேலே வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று நாங்கள் சொல்லலாம். அவள் அன்று முழுக்க ஒரு பித்தானும் தைக்கவில்லை.

அன்று மாலை மகள் வேலையிலிருந்து வரும்போது தெருமுனையில் தபால்காரரை நிறுத்தினாள். நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடையில் வாங்க ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, ஒண்ணு வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க."

"என்னம்மா சொல்றே? சொன்னா பையன் வருவான்னு வாசல்ல உக்காந்துக்குவாங்க."

"உக்காரட்டும். உக்காந்து பார்க்கட்டும். வரமாட்டான். ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டா முடிஞ்சுடும் அண்ணே. இப்ப அழவும் விடாம, சாகவும் விடாம நீங்கதான் தினம் ஒரு எண்ணைக் குடுத்து வச்சிருக்கீங்க."

தபால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். "நான் போட்ட கணக்குல இதுவரைக்கும் பொய் சொன்னதில்லம்மா" என்றார்.

"கணக்கு உங்களுது. வாழ்க்கை என்னுது" என்றாள் அவள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் தபால்காரர் மணியை அடித்துக்கொண்டே வந்தார். 1026060-இன் பங்காளிகளைக் கூட்டியதில் யாராலும் வகுபடாத ஓர் எண் வந்துவிட்டது, அதற்கப்புறம் நேரே ஒன்று என்றார். பேசும்போது என் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பித்தான் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அவர் கேட்ட அந்த ஒருநாள் சிரிப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, மணி அடிக்காமலே போனார்.

அன்று அந்த வீட்டில் சமையல் வாசனை தெருவைத் தூக்கியது. மகனுக்குப் பிடித்தது, மகனுக்கு மட்டும் பிடித்தது, மற்றவர் தொடாதது என்று மூன்று வகை. கதவு அகலத் திறந்தே இருந்தது. மறுநாளும் திறந்திருந்தது. அதற்கு மறுநாள் சாப்பாட்டை எடுத்து நாய்க்குப் போட்டாள். ஆனால் அழவில்லை. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது உடையும் என்று. அது உடைகிற வகையில்லை.

வாரக் கடைசியில் மகளே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, எண் ஒண்ணுக்கு வந்துடுச்சு. அவன் வரலை. இனிமே இங்க எதுக்கும்மா?"

"ஆமா" என்றாள் பித்தான் அக்கா. "சரியாத்தான் சொல்றே."

ஆமாம் என்றுவிட்டாள். நான் கேட்டேன், என் இரண்டு காதால் கேட்டேன். மெக்கானிக் கயிறும் சாக்கும் வாங்கி வந்தான். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினார்கள். தையல் பெட்டி, தலையணை, இரண்டு நாற்காலி எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. மறுநாள் காலை, தெருவுக்குள் நுழைகிற மாதிரி ஒரு குட்டி வண்டி. மகள் என் வீட்டுக்கு வந்து பழைய பூந்தொட்டி ஒன்றை, "நீங்க வச்சுக்குங்க அத்தை" என்று கொடுத்தாள். அந்தப் பெண் இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பித்தான் அக்கா கையில் ஒரு தாளோடு வெளியே வந்தாள். ஒன்று வந்ததென்ற அன்று தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கணக்குத் தாள்.

"ஒரு நிமிஷம். இதை மாடி சார்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். கணக்கு சரியா இருந்தா வண்டி ஏறிடலாம்."

மாடி சார் என்பவர் எங்கள் வீட்டு மாடிக்கு அப்போதுதான் குடிவந்திருந்த கல்லூரிக் கணக்கு ஆசிரியர். இன்னும் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. தெருவின் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் இரண்டு நாளாக ஊரில் இல்லாததால் எனக்கும் சொல்ல வாய்க்கவில்லை. அவருக்கு ஒரு வியாதி உண்டு. கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் சொல்லிவிடுவார்.

"எதுக்கும்மா இப்ப? வண்டிக்காரர் காத்திருக்கார்" என்றாள் மகள்.

"அவன் வரலைல்ல? ஒண்ணு அவன் இல்லைன்னு இருக்கணும். இல்லேன்னா கணக்கு தப்பா இருக்கணும். எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்று படியேறிவிட்டாள். பின்னாலேயே மகள். துணைக்கு நான். துணைக்கு யாரும் கூப்பிடவில்லைதான்.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மகள் இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினாள். சரி என்று சொல்லுங்கள் என்று தலையை ஆட்டிக் காட்டினாள். நான் என் பங்குக்கு இருமினேன். "தண்ணி வேணுமா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் தாளுக்குள் போய்விட்டார். நான் அவர் காலை மிதித்தேன். "பரவாயில்ல" என்று காலை நகர்த்திக்கொண்டார்.

"இங்க ஒரு சின்னத் தப்பு இருக்கும்மா" என்றார் சந்தோஷமாக. "இந்தப் பத்து லட்சத்தை முந்நூத்து நாப்பத்தொன்பது வகுக்கும். அதை விட்டுட்டாங்க. அதோட வர்ற இன்னும் சிலதும் விட்டுப் போச்சு. சேர்த்துக் கூட்டினா..." காகிதத்தின் ஓரத்தில் கிறுக்கினார். "இருபத்து மூணு லட்சம். 2325540."

படிக்கட்டு ஓரத்தில் மகள் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சார் தாளின் மேற்பகுதிக்குப் போனார். முதல் எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினார். "இருநூத்து எழுபத்தாறா? இதை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"எங்க வீட்டு எண் சார்."

"அம்மா, இதுக்குக் கீழ இருக்கிற எண் ஒவ்வொண்ணும் எங்க போய் நிக்கும்னு தெரியும். முதல்முதலா தெரியாத எண் இதுதான். பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டாங்க. இருநூறு இலக்கத்துக்கு மேல போயிடுச்சு. இன்னும் நிக்கலை. உலகத்துல யாருக்கும் இதோட முடிவு தெரியாது."

தெருவில் இத்தனை கதவு. பக்கத்துக் கதவு 274, ஐந்து எட்டு வைத்தால் வீடு. அந்தப் பக்கம் 278, ஆறு எட்டு வைத்தால் வீடு. எதிரே நான், ஒரே எட்டு. இத்தனை நல்ல சாலையில் இருந்த ஒரே குழியில் போய் அந்த மனிதர் சைக்கிளை விட்டிருக்கிறார்.

மகள் எழுந்தாள். ஒருவேளை இதுவே போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கேட்டியாம்மா? உலகத்துல யாராலயும் முடியலை. தபால்காரர் அண்ணன் போட்டு முடிக்கவா போறார்? விட்டுடும்மா. கீழ வா" என்றாள்.

பித்தான் அக்கா அவளைப் பார்க்கவில்லை. "சார், ஒண்ணுக்கு வராதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லம்மா. வராதுன்னு நிரூபிக்கவும் யாராலயும் முடியலை."

"வரவே வராதுன்னு யாரும் சொல்லலையே?"

"சொல்லலை."

"அப்ப வந்துக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அவள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடியைத் தடவித் தடவிப் படி இறங்கிப் போனாள். வண்டியில் ஏற்றிய தலையணையைத் தானே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா அக்கா?" என்று சார் என்னைக் கேட்டார். ஒரு தப்பும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

கீழே மெக்கானிக் கயிற்றுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னாச்சு?"

"கணக்கு தப்பாம்."

"எந்தக் கணக்கு?"

"எல்லாம்தான்" என்றாள் மகள். நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தாள். அவனும் சேர்ந்து இறக்கினான். அவளுக்குக் கனமாக இருந்ததை அவன் வாங்கிக்கொண்டான். அவ்வளவு நல்ல பையன். கடைசியில் கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுருட்டி அவளிடம் கொடுத்துவிட்டு, காலி வண்டியில் ஏறிப் போனான். மழை முடியும்வரை கடிதம் வந்தது. பித்தான் அக்கா கண்ணில் படாமல் எல்லாம் கண்ணாடிக் கடை விலாசத்துக்கே வந்தது. பிறகு நின்றுவிட்டது. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகக் கண்ணாடிக் கடை முதலாளி சொன்னார். யார் அவனைக் குறை சொல்வது? காத்திருப்பதற்கும் ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

வண்டி காலியாகத் திரும்பிய மறுநாள் தபால்காரர் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தார். பித்தான் அக்கா திட்டவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவசரப்பட்டுட்டீங்க தம்பி. முந்நூத்து நாப்பத்தொன்பதை விட்டுட்டீங்களாம். இத்தனை பங்காளிங்களுக்கு நடுவுல ஒருத்தரு விட்டுப் போறது சகஜம்தான். நிதானமாப் போடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

அவர் டீயைக் குடிக்காமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். அந்த மாதமே வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது வருகிறவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற ஆள். கதவு எண்ணைப் பார்ப்பதோடு சரி.

எண் கொண்டுவர ஆள் இல்லாமல் பித்தான் அக்கா படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை. "இருபத்து மூணு லட்சத்துக்கு அப்புறம் என்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "அம்பத்து மூணு லட்சம்" என்று ஏதோ சொன்னாள். அம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பித்தான் அக்காவுக்கு இப்போது கண் அறவே தெரியவில்லை. பித்தான் வேலையும் நின்றுவிட்டது. ஆனால் மணிச் சத்தம் கேட்டால் முகம் வாசல் பக்கம் திரும்பும். மகள் கடையிலிருந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைக் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாள். வாய் ஓரத்தில் பேனா மூடியைக் கடித்தபடி. தூரத்திலிருந்து பார்த்தால் நூல் மாதிரியே இருக்கும்.

முந்தாநாள் பூந்தொட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அம்மாவுக்குத்தான் கண் தெரியலையே. வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? இதை உக்காந்து போடணுமா?"

"அப்படித்தான் அத்தை ஆரம்பிச்சேன். அம்பத்து மூணு லட்சம்னு வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்" என்றாள். கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் ஒருநாள் நெஜமாப் போட்டுப் பார்த்தேன். நெஜமாவே அம்பத்து மூணு லட்சம்தான் வந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் விட முடியலை."

"இப்ப எங்க இருக்கு?"

"நானூத்துத் தொண்ணூத்து நாலு கோடி."

"இருபத்தெட்டு?"

"இன்னும் உள்ளதான் இருக்கு."

அது உள்ளே இருக்கிறவரை இறங்காது என்பது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? பூந்தொட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். "அத்தை" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தில் அந்தப் பழைய இளக்கம், பித்தான் அக்காவுக்கு அன்று குரலில் வந்ததே, அது.

"இந்தத் தடவை அம்பத்தாறுதான் ஏறியிருக்கு" என்றாள்.